சும்மா ஓடுகிற சர்வர்கள்

எங்கள் டேட்டா சென்டருக்குள் வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு கம்பளிக் கோட்டு கொடுப்பார்கள். சுவரில் வரிசையாக நீலக் கோட்டுகள் தொங்கும். முதுகில் கம்பெனி முத்திரை. கழுத்தோரம் யார் யாரோ போட்ட சென்ட் எல்லாம் கலந்து ஒரு வாசனை.

உள்ளே இருக்கிற சர்வர்களுக்கு அந்தக் குளிர் தேவையே இல்லை. இருபத்தைந்து டிகிரியில் அவை பேசாமல் வேலை பார்க்கும். குளிர் தேவைப்பட்டது எங்கள் எம்.டி.க்கு. வாடிக்கையாளர் வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, மினுக்கும் விளக்குகளுக்கு நடுவே நடக்க வேண்டும். அப்போதுதான் மரியாதை வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

அந்தக் கட்டிடத்தின் மின்சாரமும் குளிரும் என் பொறுப்பு. பொறுப்பேற்ற வாரமே கூட்டத்தில் எழுந்து, "பதினெட்டு டிகிரி எதுக்கு சார்? ஏழு டிகிரி சும்மா கொட்டுறோம்" என்றேன்.

"ஏம்மா, வர்றவன் கொஞ்சம் நடுங்க வேண்டாமா?" என்றார் எம்.டி.

"நடுங்கணும்னா கரண்டு பில்லைக் காட்டுங்க சார்."

எம்.டி. சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். கண்ணெல்லாம் சுருங்கி, தோள் குலுங்கி, சத்தமில்லாமல் சிரித்தார். நான் போய் விழுந்தது அந்தச் சிரிப்பில்தான்.

அவர் எங்கள் கம்பெனியின் பசுமைப் பிரிவுத் தலைவர். அந்தப் பிரிவில் அவரைத் தவிர இருந்தது ஒரு காலி நாற்காலியும் ஒரு தொட்டிச் செடியும். பேசும்போது 'பூமி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் மௌனம் காப்பது போல நிறுத்துவார். ஆபீஸில் அவருக்குப் பசுமையார் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவர்களுக்கு என்னைவிடக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் பசுமையார் எனக்காகப் பேசினார். டிகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற எம்.டி. சம்மதித்தார். ரேக்குகளில் சர்வர் இல்லாத இடைவெளிகளைத் தகடு வைத்து மூடினேன். அதுவரை குளிர்ந்த காற்று அந்த ஓட்டைகள் வழியாகப் புகுந்து, எந்த மெஷினையும் தொடாமலே திரும்பி ஏசிக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் மாதிரி. அதை நிறுத்தியதும் மணிக்குத் தொள்ளாயிரம் யூனிட் தின்ற கட்டிடம் எண்ணூறுக்கு இறங்கியது. கோட்டுகள் சுவரிலேயே தூங்கின.

அன்று அவர் தன் செடியைத் தொட்டியோடு தூக்கிவந்து என் மேஜையில் வைத்தார். "எங்கிட்ட இருந்தா செத்துடும். நீ காப்பாத்து" என்றார். இதை ஒரு பெண் எப்படி எடுத்துக்கொள்வாள்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்தச் செடியைக் காயப்போட்டது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். ஒரு நாள் அவர் சாப்பிட வந்தார். அம்மாவுக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. "அத்தை, உங்க கையில என்னமோ இருக்கு" என்று இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கினார். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர், திரும்பும்போது கழுவுமிடத்து விளக்கை அணைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். அம்மா கரைந்துபோனாள்.

அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அவளுக்கு உலகத்தில் இரண்டே ஜாதி: விளக்கை அணைக்கிறவர்கள், அணைக்காதவர்கள். யாராவது அறையை விட்டு எழுந்தால் பின்னாலேயே போய் ஃபேனை நிறுத்துவாள். பாத்ரூமில் ஆள் இருக்கும்போதே வெளியிலிருந்து ஸ்விட்சைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் கத்தினால், "உள்ளயே குடித்தனமா பண்றே?" என்பாள். என் அக்கா வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் அப்படி இருட்டில் மாட்டிக்கொண்டவர். இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்ரூமில் பாடிக்கொண்டேதான் இருப்பார்.

"இவர் நமக்கு ஏத்தவர்டி. பொறுப்பு இருக்கு" என்றாள் அம்மா.

"பொறுப்பு இருக்கோ இல்லையோ, பேச்சு இருக்கு" என்றாள் அக்கா. "நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமி பூமிங்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் உன் பேரு ஞாபகம் இருக்கான்னு பாரு."

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தால் அக்கா மீது மரியாதை வருகிறது.

தேதி குறித்தாகிவிட்டது, மண்டபமும் பேசியாகிவிட்டது. அதற்குள் தான் ஒரு விருது வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டேட்டா சென்டர் நடத்துகிறவர்களின் சங்கம் ஆண்டுதோறும் 'பசுமை இலை' என்று ஒரு விருது கொடுக்கிறது. வாங்கினால் அவரைத் துணைத் தலைவராக்குவதாக எம்.டி. சொல்லியிருந்தார். "விருது வாங்கின கையோட உன் கையைப் பிடிக்கணும்" என்றார் என்னிடம். நான் உருகினேன். உருகுவதற்கு அந்தக் கட்டிடத்தில் இடமிருந்தது. டிகிரியை ஏற்றியதே நான்தானே.

அந்த விருதை ஒரு விகிதத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கட்டிடம் மொத்தமாகத் தின்னும் மின்சாரத்தை, சர்வர்கள் மட்டும் தின்னும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். ஏசிக்கும் பம்புக்கும் விளக்குக்கும் அதிகம் போனால் விகிதம் உயரும். போகாவிட்டால் ஒன்றை நோக்கி இறங்கும். விருதுக்கு ஒன்றரைக்குக் கீழே வர வேண்டும். எங்களுடையது மொத்தம் எண்ணூறு, அதில் சர்வர்களுக்கு ஐநூறு. அதாவது ஒன்று புள்ளி ஆறு.

இன்னும் என்ன குறைக்கலாம் என்று தேடினேன். அப்போது ரேக் அண்ணன்தான் அந்தப் பேச்சை எடுத்தார். சர்வர்களை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்தே பழகியவர். வெளியே அகலமான வராந்தாவிலும் அப்படித்தான் வருவார்.

"தங்கச்சி, இங்க இருக்கறதுல கால்வாசி செத்த பொணம். கரண்டு மட்டும் குடிச்சிட்டிருக்கு" என்றார்.

"சும்மா சொல்லாதீங்கண்ணே."

"சும்மான்னா, அதுதான் இதுங்க பாக்குற வேலை."

ஒவ்வொரு பிரிவாகப் போய் விசாரித்தேன். இது உங்களுடையதா, இது உங்களுடையதா என்று கேட்டால், கோயில் வாசலில் கிடக்கும் செருப்பைக் காட்டியது போல எல்லோரும் தலையாட்டினார்கள். மூடிவிட்ட ஒரு கிளைக்குச் சம்பளக் கணக்குப் போட ஒரு சர்வர் காத்திருந்தது. விற்பனையை நிறுத்திவிட்ட ஏதோ ஒரு சாமானுக்கு ஒரு சர்வர் விலை சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் இரண்டு சர்வர்கள். ஒன்று மற்றதிடம் "இருக்கியா?" என்று கேட்கும். அது "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, "நீ இருக்கியா?" என்று கேட்கும். இருவருக்கும் வேறு எந்த வேலையும் இல்லை.

"என் வீட்டுலயும் இப்படித்தான் ஓடுது" என்றார் ரேக் அண்ணன்.

எல்லா மேலாளர்களிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு அவற்றை அணைத்தோம். சர்வர்களின் பங்கு ஐநூறிலிருந்து நானூறுக்கு வந்தது. ஏசியும் கொஞ்சம் இறங்கியது. கட்டிடம் மொத்தமாக அறுநூற்றெண்பது. தொள்ளாயிரத்தில் ஆரம்பித்தது! கான்டீனில் அவரைத் தேடிப்போய், கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி சொன்னேன்.

அவர் கைபேசியில் வகுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"என்ன பண்ணித் தொலைச்சே? ஒண்ணு புள்ளி ஏழுக்குப் போயிடுச்சு!"

"விகிதம் ஏறும். மொத்தம் இறங்கியிருக்கு பாருங்க."

"மொத்தத்தை யாரு கேட்டா?"

பாவம், கணக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். "ஒரு வீட்டுல பத்துப் பேர் சாப்பிடுறாங்க. சமையலுக்கு ஒரு ஆள். ரெண்டு பேர் ஊருக்குப் போயிட்டா அரிசி மிச்சம். ஆனா சமையல்காரம்மா அதே ஆள்தான், அடுப்பு அதே அடுப்புதான். தலைக்கு இவ்வளவுன்னு பார்த்தா செலவு கூடின மாதிரி தெரியும். நிஜத்துல வீட்டுக்கு லாபம்தானே? இதையே விண்ணப்பத்துல எழுதுவோம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மெல்லச் சுருங்கியது. அந்தச் சிரிப்பு வந்தது. "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். மடையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த திருப்தியோடு மீதி டீயைக் குடித்தேன். அந்த மேஜையில் மடையர் யாராவது இருந்தார்கள் என்றால், அது அவர் இல்லை.

அடுத்த வாரம் கல்யாண வேலைக்காக லீவு எடுத்தேன். அக்காவும் நானும் கடை கடையாக ஏறி இறங்கினோம். லீவு முடிந்து, சர்வர்கள் இருக்கும் மிஷின் ஹாலின் கதவைத் திறந்தால், இரைச்சல் முகத்தில் அடித்தது. ரேக்குகளின் பின்பக்கம் கை வைத்தேன். சுட்டது. நாங்கள் அணைத்த சர்வர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்தன. போதாததற்கு, கழித்துக்கட்டி ஸ்டோர் ரூமில் போட்டிருந்த பழைய சர்வர் கட்டைகளும் தூசியோடு வந்து ஏறியிருந்தன. ஒன்றில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருந்தது.

"அண்ணே, என்ன இதெல்லாம்?"

"மாப்பிள்ளை மாட்டச் சொன்னாரு, மாட்டினேன்." ரேக் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க ஐடியான்னு சொன்னாரே தங்கச்சி?"

"என் ஐடியாவா?"

"சமையல்காரம்மா ஒருத்திதான், பந்தியில ஆளைக் கூட்டு, தலைக்குச் செலவு தானா இறங்கும்னாரு. எம்.டி. கைதட்டினாரு."

மீட்டரைப் போய்ப் பார்த்தேன். சர்வர்களின் பங்கு அறுநூற்று நாற்பது. மொத்தம் தொள்ளாயிரத்து ஐம்பது. விகிதம் ஒன்று புள்ளி நான்கு எட்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த கட்டிடம், ஆரம்பித்த இடத்தையும் தாண்டித் தின்றுகொண்டு, மிச்சம் பிடித்ததற்கான விருதுக்குத் தயாராக நின்றது.

அவர் அறைக்குப் போனேன். கண்ணாடி பார்த்து டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் என்ன வேலை பண்ணுது?"

"பகா எண் கண்டுபிடிக்குது."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சர்வர் சும்மா இருந்தா கரண்டு கம்மியாத்தான் இழுக்கும். அதான் முக்க வச்சிருக்கோம். கண்டுபிடிச்சதை அதுவே அழிச்சிடும், இடம் அடைக்காது பாரு." இதைப் பெருமையாகச் சொன்னார்.

"கணக்கு உங்களுக்குப் புரியலைன்னு நினைச்சேன்."

"முதல்லயே புரிஞ்சது. வழிதான் தெரியல. அதை நீ சொன்னே." டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இதோ பாரு, சான்றிதழ் கொடுக்கிற அம்மா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான். அப்புறம் நிறுத்திக்கலாம். பொண்ணு பார்க்க வர்றப்ப உங்க வீட்டுல சோபாவுக்கு உறை மாத்தலையா? அந்த மாதிரிதான்."

எங்கள் வீட்டில் சோபாவே இல்லை. நான்கு நாற்காலிகள்தான். அதில் ஒன்றில்தான் இந்த மனிதர் உட்கார்ந்து இரண்டாம் முறை சாதம் கேட்டார். அதைக்கூடப் பார்க்காதவர் எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஃபோனில் சொன்னேன்.

"ஏண்டி, இதுக்காகவா கல்யாணத்தை யோசிக்கிறே? வேற பொம்பளைன்னா சொல்லு, நானே வந்து நாலு வார்த்தை கேக்கறேன். மிஷினை ஓடவிட்டார்னு எப்படிடி நாலு பேர்கிட்ட சொல்றது?"

"பொய் சொல்றார்க்கா."

"யார்தான் சொல்லல? உன் மாமா தினமும் வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காந்திருக்கார்."

"மாமா அதுக்கு விருது வாங்கலையே."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, "நல்லா யோசி. எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றாள்.

சான்றிதழ் அம்மா வந்த அன்று, எம்.டி. கோட்டுகளைச் சலவைக்குப் போட்டு வாங்கி வைத்திருந்தார். அந்த அனலில் அவற்றை யாருக்கும் மாட்டிவிட முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சான்றிதழ் அம்மா ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, அதையே பையில் தேடிக்கொண்டிருந்தார். மீட்டர்களைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். ரேக்குகளின் நடுவே ஒரு சுற்று நடந்தார். 'பழுது' சீட்டு ஒட்டிய கட்டையின் முன்னால் நின்றார். சீட்டைக் கிழிக்கக்கூட அந்தப் பசுமை மூளைக்குத் தோன்றவில்லை.

"எல்லாமே பயன்பாட்டுல இருக்கிற சர்வர்தானே?" என்று என்னைக் கேட்டார். மின்சாரத்துக்குப் பொறுப்பு நான் என்பதால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் பசுமையார் முன்னால் வந்தார். "எல்லாமே மேடம். இவங்க என் வருங்கால மனைவி. நான் சொல்றதும் இவங்க சொல்றதும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். கண் சுருங்கி, தோள் குலுங்கி, சத்தமில்லாமல். எம்.டி.யும் சிரித்தார். ரேக் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

அதுவரைக்கும் எனக்குத் தயக்கம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் நின்றிருப்பேன். மண்டபம், அம்மா, வாங்கி வைத்த புடவைகள் எல்லாம் கண் முன்னால் வந்துபோய்க்கொண்டிருந்தன. அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் தெளிந்தது. ஆயுளுக்கும் என் வாயில் இவர் பேசப்போகிறார்.

"ஒண்ணு இல்ல மேடம்" என்றேன். "இதுல மூணுல ஒண்ணுக்கு எந்த வேலையும் கிடையாது. விகிதம் இறங்கறதுக்காக ஓடுது. நிறுத்திட்டா இந்தக் கட்டிடத்துக்கு மணிக்கு இருநூத்தெழுபது யூனிட் மிச்சம்."

சான்றிதழ் அம்மா தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா எங்க விதியில பயன்பாட்டுல இருக்குன்னா மின்சாரம் போகுதான்னுதான் அர்த்தம். போகுதா?"

"போகுது."

"அப்ப சரி" என்று குறித்துக்கொண்டார். "இந்த மாதிரி எல்லா இடத்துலயும் இருக்கு. மனசுல வச்சுக்காதீங்க."

என்ன ஒரு ஏற்பாடு! திருடனைப் பிடித்துக் கொடுத்தால், எவ்வளவு சுத்தமாகத் திருடினான் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

சான்றிதழ் அம்மாவின் கார் கிளம்பியதும் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "உங்க குடும்பச் சண்டையை மிஷின் ஹாலுக்குக் கொண்டு வராதீங்கம்மா" என்றார். பசுமையார் என்னோடு பேசவில்லை. நானும் தேடவில்லை. நேராக ஹாலுக்குப் போனேன்.

"அண்ணே, போன தடவை எதையெல்லாம் நிறுத்தினோம்னு ஞாபகம் இருக்கா?"

"பொணத்தை மறக்க முடியுமா தங்கச்சி?"

ஒவ்வொன்றாக நிறுத்தினோம். மேலாளர்கள் கொடுத்த சம்மதம் அப்படியேதான் இருந்தது. புதிதாக யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஹால் மெல்ல மெல்ல அடங்கியது. அந்த வாரமும் யாரும் கேட்கவில்லை, அடுத்த வாரமும் யாரும் கேட்கவில்லை. அவை நின்றுபோனதை உலகத்தில் எந்த உயிரும் கவனிக்கவில்லை. பசுமையார் ஹால் பக்கமே வரவில்லை. அவருடைய பூமி மேல் மாடியில் இருந்தது.

அம்மாவிடம் அக்கா சொன்னாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "ஆபீஸ் விஷயத்தை ஆபீஸோட விடுடி. நல்ல பையன். லைட்டை அணைக்கிறான். விருது வேற வந்திருக்காமே. அவன் ஒரு தடவை வரட்டும், முகத்தைப் பார்த்துப் பேசிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயத்தன்று அவர் போட்ட மோதிரம் என் விரலில்தான் இருந்தது. அம்மாவுக்காக விட்டு வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி. துணைத் தலைவர் ஆனதில் நடை கொஞ்சம் அகலமாகியிருந்தது. அக்காவும் வந்திருந்தாள். அக்கா வீட்டுக்காரர் பாத்ரூமில் பாடிக்கொண்டிருந்தார்.

"அத்தை, முதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு தோணுச்சு" என்று பெட்டியைத் திறந்தார். முழங்கை உயரத்துக்கு ஒரு கண்ணாடி இலை. கீழே கறுப்புப் பீடம். பீடத்திலிருந்து ஒரு ஒயர்.

"ஒயர் எதுக்கு?" என்றாள் அக்கா.

"எரியும். உள்ள விளக்கு இருக்கு. பேட்டரி கிடையாது, எப்பவும் சொருகியே வைக்கணும்."

மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்கு விருது. அதற்கும் தீனி போட வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

பிளக் பாயின்ட் தேடி ஹாலைச் சுற்றிவந்தார். எங்கேயோ சொருகினார். இலை பச்சையாக எரிந்தது. அம்மா "அடேயப்பா" என்றாள். அவர் என் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ பேசினது எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? இருந்தாலும் மன்னிச்சுட்டேன். உனக்கு நிர்வாகம் பழக்கமில்ல. போகப் போகக் கத்துக்குவே" என்றார்.

"எதைக் கத்துக்கணும்?"

"எதை எங்க பேசறதுன்னு. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்க வேண்டியதை வெளியில சொல்லலாமா? சரி, அது முடிஞ்சுது. அடுத்த வருஷம் ஒண்ணு புள்ளி நாலுக்குப் போகணும்னு எம்.டி. சொல்றார். இன்னும் கொஞ்சம் பழைய சர்வர் ஏத்தலாம். இருக்கிறது நல்லாத்தானே ஓடிட்டிருக்கு?"

"ஓடல."

"என்னது?"

"அந்த அம்மா கார் கிளம்பின உடனே நிறுத்திட்டேன். விருது மேடையில நீங்க நின்னப்ப நம்ம விகிதம் ஒண்ணு புள்ளி ஏழு."

அவர் முகத்தில் அந்தக் கான்டீன் வெளுப்பு வந்தது. "உடனே திரும்பப் போடு. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டாகணும். இது விளையாட்டு இல்ல. அத்தை, நீங்களே சொல்லுங்க இவளுக்கு!"

அம்மாவைக் காணவில்லை. எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போயிருந்தாள். கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள லைட் எரியலையே" என்றாள். பிறகு குனிந்து ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்த்தாள். நிமிரும்போது கையில் ஒரு ஒயர் இருந்தது. எங்கள் ஃபிரிட்ஜுடைய ஒயர். அதன் இடத்தில் இலையின் ஒயர் சொருகியிருந்தது.

"மாப்பிள்ளை, இதை யார் பிடுங்கினது?"

"நான்தான் அத்தை. வேற பாயின்ட் கிடைக்கல. கொஞ்ச நேரம்தானேன்னு..."

"ஓடுற ஃபிரிட்ஜைப் பிடுங்கிட்டா இதைச் சொருகினீங்க?"

"விருது அத்தை."

"உள்ள பால் இருக்கு" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. "என் மருந்து இருக்கு. குழம்பு இருக்கு. இது என்ன வேலை பண்ணுது?"

அவர் வாயைத் திறந்தார். பூமி என்ற சொல் வருவதற்கு முன்னால் விடுகிற அந்த நிறுத்தம் மட்டும் வந்தது. சொல் வரவில்லை.

அம்மா இலையின் ஒயரை உருவினாள். பச்சை அணைந்தது. ஃபிரிட்ஜை மாட்டினாள். அது தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒயரை மணிக்கட்டில் சுற்றிச் சுருட்டி, இலையோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அவர் மடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மோதிரம் கழல்றதா, இல்ல சோப்பு கொண்டு வரட்டுமா?"

"கழலும்மா" என்றேன்.

பாத்ரூமில் பாட்டு நின்றது. கதவு இடுக்கு வழியாக மாமாவின் குரல் வந்தது: "யாரோ போற மாதிரி இருக்கே. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன் அத்தை, லைட்டை அணைச்சுடாதீங்க!"

அம்மா அணைக்கவில்லை. வாசல் வரைக்கும் போய், அவர் படி இறங்கியதும் வராந்தா விளக்கைத்தான் அணைத்தாள். நல்ல வெயில் நேரம். வரும்போது காலிங் பெல்லுக்குப் பதிலாக அதைத் தட்டிவிட்டு, அணைக்காமல் உள்ளே வந்தது அவர்தான்.